தன் வாயாற் கெடும் வண்டி

"தவளை தன் வாயாற் கெடும்" என்று நம் முதியோர் சொல்வதுண்டு. வரம்போரத்துச் சேற்றில் அமைதியாகப் பதுங்கிக் கிடந்தால் பாம்பு அதைக் காணப்போவதில்லை. கத்துவதனாலேயே அது இரையாகின்றது. இப்பழமொழி தவளைக்கு மாத்திரமன்றி மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும் என்பதை, வட இங்கிலாந்தில் நாம் சில ஆண்டுகள் வாழ்ந்த காலத்தில் நேரிலே கற்றுக்கொண்டோம். கற்றுக்கொண்டோம் என்பதிலும் கற்பிக்கப்பட்டோம் என்பதே சரி. அந்தக் கதையையும், அதன் பயனாக நாம் பழகிக்கொண்ட கைவேலையையும் இவ்வாரம் சொல்ல விரும்புகின்றோம். இயந்திரங்களில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு இதிலே படிப்பு உண்டு. "புகைக்குழாய் திருத்துவதில் எமக்கென்ன வேலை?" என்று கேட்கும் தாய்மார்களுக்கும் கதையின் முடிவிலே பங்கு உண்டு, பொறுமையோடு வாசிப்பார்களாக.

வேகமில்லாப் பந்தயம்

மோட்டார் சைக்கிட் பந்தயம் என்றதும் புழுதி பறக்க ஒருவரையொருவர் முந்தியோடும் காட்சியே நம் கண்முன் வரும். "ட்ரயல்ஸ்" என்னும் போட்டி அத்தகையதன்று. பாறையும் ஓடையும் சேறும் மரவேரும் நிறைந்த மேட்டு நிலத்தில் ஒடுங்கிய பாதைகளை எல்லையிட்டுக் குறித்திருப்பார்கள். அவற்றினூடே, ஒரு மனிதன் நடக்கும் வேகத்தில், கால் நிலத்தில் ஊன்றாதபடி வண்டியைச் செலுத்த வேண்டும். ஒருமுறை ஊன்றினால் 1 புள்ளி தண்டம். இருமுறை ஊன்றினால் 2. அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ 5. யாருக்குத் தண்டம் குறைவோ அவரே வெற்றியாளர். வலிமையிலும் நிதானத்துக்கே இங்கு பரிசு.

இப்போட்டியின் தாயகம் பிரித்தானியா. யோர்க்ஷயரில் ஈரடிப்பு எஞ்சின் பூட்டிய மோட்டார் சைக்கிள்களைச் செய்த அல்பிரட் அங்கஸ் ஸ்கொட் என்பவர், தம் தொழிலாளரின் திறமையைச் சோதிப்பதற்காக 1914-ஆம் ஆண்டில் மேட்டு நிலத்தில் நடத்திய ஓட்டமே, இன்றும் அவர் பெயரால் வழங்கும் ஸ்கொட் போட்டியாக வளர்ந்தது. ஸ்கொட்லாந்தின் ஆறு நாட் போட்டி அதனிலும் மூத்தது, 1909-இல் தொடங்கியது. அதிலே 1962-இலும் 1964-இலும் சமி மில்லர் என்னும் வீரர் 500 சீ.சீ. அளவுள்ள ஏரியல் என்னும் நாலடிப்பு வண்டியில் வென்றார். பின்னர் அவரே ஸ்பானிய நாட்டிற்குச் சென்று, பிரான்சிஸ்கோ புல்டோ என்பாரின் புல்டாக்கோ நிறுவனத்தாருடன் சேர்ந்து, அதன் பாதியளவே உள்ள ஓர் ஈரடிப்பு வண்டியை உருவாக்கி, 1965-இல் அதிலே அமர்ந்து அதே போட்டியை வென்றார். கனமான நாலடிப்பு வண்டிகளின் காலம் அதனோடு சாயத் தொடங்கிற்று எனலாம்.

இப்போட்டியைப் பற்றி ஒன்றை மறந்துவிடலாகாது. இதற்கென்று ஓடுதளமோ அரங்கமோ பெரும்பாலும் கிடையாது. நடப்பதெல்லாம் பெரும்பாலும் பிறர் நிலத்தில், குடியானவரின் இசைவோடு. 2001-ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் கால்நடைகளைக் கால்-வாய் நோய் தாக்கியபோது ஸ்கொட்லாந்துப் போட்டியே நடைபெறவில்லை. ஆட்டுக்கு நோய் வந்தால் போட்டி நின்றுவிடும். ஆட்டுக்காரருக்கு வெறுப்பு வந்தாலும் அவ்வாறே.

நாம் செய்த பிழை

நாம் மலிவாக வாங்கியது பழைய ஸ்பானிய ஈரடிப்பு வண்டியொன்று. வாங்கும்போதே அதன் சைலன்சர் சற்று வயதானதுதான். மாரிகாலம் முழுவதும் ஞாயிறுதோறும் சேற்றிலும் ஓடையிலும் அதை ஓட்டினோம். ஓசை சிறிது சிறிதாகக் கூடியது. சிறிது சிறிதாகக் கூடியதனாலேயே எமக்கு அது தெரியவில்லை. நாள்தோறும் காணும் பிள்ளையின் வளர்ச்சி பெற்றோருக்குத் தெரியாததுபோல, நாள்தோறும் கேட்கும் ஓசையின் வளர்ச்சியும் காதுக்குத் தெரிவதில்லை. நண்பர் ஒருவர், "உங்கள் வண்டி இருமுகின்றது" என்றார். "அது எஞ்சினின் பலம்" என்று நாம் சிரித்தோம்.

மார்ச் மாத முடிவில், யோர்க்ஷயர் மேட்டு நிலத்துப் பண்ணையொன்றில் எம் கழகத்தின் போட்டி. ஓடைவழியே ஏறி ஒரு பாறையைக் கடக்கவென்று விசையைத் திருகினோம். ஏதோ உடைந்தது. சைலன்சரின் பின்மூடி தெறித்துவிழ, உள்ளிருந்த நாரெல்லாம் கரிய பந்தாக நீரில் மிதக்க, பீரங்கி வெடித்தாற்போன்ற ஓசை பள்ளத்தாக்கு முழுவதும் எதிரொலித்தது. மேலே இரு வயல்களுக்கு அப்பால் சினையாடுகள் நின்றன. ஈனுவதற்குச் சில வாரங்களே இருந்தன. அவை மிரண்டோடி, கற்சுவரின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாய் நெருங்கின. சினையாடு அவ்வாறு நெரிபட்டால் கரு சிதையும் என்பதை அப்போது நாம் அறியோம்.

பண்ணைக்காரர் வந்தார். அவர் சத்தமிடவில்லை, கையை உயர்த்தி எஞ்சினை நிறுத்தச் சொன்னார். பின்பு ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார். நாம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீதிக்கு இறங்கினோம். அந்த வாரமே கழகச் செயலாளருக்குக் கடிதம் வந்தது: இனி அந்த நிலத்தில் மோட்டார் சைக்கிள் வேண்டாம். பல ஆண்டுகளாகக் கழகத்தாருக்குக் கிடைத்துவந்த இடம். எவரும் எம்மை வைது ஒரு சொற் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும்.

ஓசை எங்கே அடங்குகின்றது?

திருத்த முற்படுமுன் பொருளை அறிதல் வேண்டும். நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும் நாலடிப்பு எஞ்சின், இரு சுற்றுக்கு ஒருமுறை வெடிப்பதால் நொடிக்கு 25 வெடிகளை எழுப்பும். ஈரடிப்பு எஞ்சினோ சுற்றுக்கு ஒருமுறை வெடிப்பதால் அதே வேகத்தில் 50 வெடிகளை எழுப்பும். ஒவ்வொரு வெடியின் வாயுவும் அழுத்தத்தோடு குழாய்க்குள் பாய்கின்றது. அதை அடக்க இருவழிகள் உண்டு.

முதலாவது, குழாயின் நடுவே அகன்ற ஒரு பெட்டியை வைத்தல். ஒடுங்கிய வழியிலிருந்து அகன்ற இடத்திற்கும், அங்கிருந்து மீண்டும் ஒடுங்கிய வழிக்கும் செல்லும்போது ஒலி அலையின் ஒரு பகுதி திரும்பித் தெறித்து, பின்வரும் அலையோடு மோதி வலுக்குறையும். இரண்டாவது, துளைகள் நிறைந்த ஒரு குழாயைச் சுற்றிக் கண்ணாடி நாரைப் பொதிந்து, அதை ஒரு உறைக்குள் இடுதல். வாயு நேரே செல்ல, ஒலி மாத்திரம் துளைகள் வழியே நாருக்குள் புகுந்து, இழையோடு இழையாக உராய்ந்து, நுண்ணிய வெப்பமாக மாறி மடிகின்றது. ட்ரயல்ஸ் வண்டிகளிற் பெரும்பாலும் நடுப்பெட்டி முதல்வழியையும், பின்னுள்ள சைலன்சர் இரண்டாம் வழியையும் கையாளும்.

ஈரடிப்பு எஞ்சினில் இக்குழாய்க்கு வேறொரு கடமையும் உண்டு. உருளையில் வால்வு கிடையாது. சுவரிலுள்ள வாயில்களை முசலமே திறந்து மூடுகின்றது. புதிய கலவை உள்ளே வரும்போது பழைய வாயு வெளியேறும் வாயிலும் திறந்தே இருக்கும். ஆதலின் புதியதிலும் ஒரு பகுதி வெளியே தப்பப் பார்க்கும். குழாயின் நீளமும் அகலமும் தக்கவாறு அமைந்தால், திரும்பி வரும் அழுத்த அலை வாயிற்காவலனைப்போல அதனை மீண்டும் உள்ளே தள்ளிவிடும். எனவே, நாலடிப்பு வண்டியிற் கண்டபடி குழாயை மாற்றினாலும் ஒருவாறு ஓடும். ஈரடிப்பு வண்டியிற் குழாயைக் குறுக்குபவன் எஞ்சினையே மாற்றுகின்றான். உருளைக்கு அருகில் ஓட்டை விழுந்தால் இழுவை குன்றும். வாலில் விழுந்தால் ஓசை மாத்திரம் கூடும். இந்த வேறுபாட்டை மாணவர்கள் மனத்திற் பதித்துக்கொள்வாராக.

ஓசையின் அளவைப் பற்றியும் ஒரு கணக்குண்டு. வெட்டவெளியில் தூரம் இருமடங்காகும்போது ஓசை சுமார் 6 டெசிபெல் குறையும். 10 டெசிபெல் கூடினால் நம் செவிக்கு அது ஏறத்தாழ இருமடங்காகத் தோன்றும். அதாவது, ஒரு சைலன்சர் கெட்டு 10 டெசிபெல் கூடிவிட்டால், முன்பு 100 மீற்றர் தூரத்திற் கேட்ட அளவு ஓசை இப்போது 300 மீற்றருக்கு அப்பாலும் கேட்கும். நமக்கு ஒரு மடங்கு. அயலாருக்கு மூன்று வயல்.

ஏன் கறள் பிடிக்கின்றது?

ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவியாக உண்டாகின்றது என்றால் பலர் நம்பமாட்டார்கள். பெற்றோலிலுள்ள ஐதரசன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்வதால் நேர்வது இது. நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியின் குழாய் நன்றாகச் சூடேறி அந்த நீராவியை வெளியே தள்ளிவிடும். ட்ரயல்ஸ் வண்டியோ மெல்ல ஓடுகின்றது, அடிக்கடி நிற்கின்றது, ஓடையில் இறங்கிக் குளிர்கின்றது. ஆகவே ஆவி உள்ளேயே நீராகித் தேங்குகின்றது. ஈரடிப்பு எஞ்சின் பெற்றோலோடு கலந்து குடித்த ஒயிலில் எரியாத பகுதி அங்கே கரியோடு சேர்ந்து களியாகின்றது. அந்தக் களி நாரில் ஊறிவிட்டால் ஒலிக்கு உள்ளே புக வழியில்லை. நனைந்த பஞ்சுமெத்தை போலக் கிடக்கும். நீரோ தகட்டை உள்ளிருந்தே தின்னும். வெளியிற் கறள் தெரியும் நாளில் உள்ளே வேலை முடிந்திருக்கும்.

நோய் அறிதல்

வண்டி நன்றாக ஆறிய பின்பே கைவைத்தல் வேண்டும். முந்தின இரவே இணைப்பு ஆணிகளில் ஊடுருவும் எண்ணெயை விட்டுவைத்தால் காலையிற் கைக்கு வேலை குறையும். சில வண்டிகளிற் குழாய்கள் சுருள்வில்லினாற் பிணைக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கொளுக்கியிட்ட கம்பியால் இழுத்துக் கழற்ற வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். வில் கையை விட்டுத் தெறித்தால் கண்ணைத் தேடியே வரும்.

கழற்றியபின் ஐந்து சோதனைகள். முதலாவது, குலுக்கிப் பார்த்தல்; உள்ளே கடகடவென்றால் தடுப்புத்தகடோ குழாயோ பிடிவிட்டிருக்கின்றது. இரண்டாவது, திருப்புளியின் மரப்பிடியால் மெல்லத் தட்டிப் பார்த்தல். நல்ல தகடு கணீரென்னும், உளுத்த தகடு சொத்தென்னும், தேங்காய் தட்டிப் பார்ப்பதைப் போலவே. மூன்றாவது, சந்தேகமான இடத்தில் திருப்புளியின் முனையைப் பெருவிரலால் அழுத்துதல். உள்ளே இறங்கினால் அந்த இடம் உதவாது. நான்காவது, ஒரு வாயைத் துணியால் அடைத்து, மேற்பரப்பிற் சவர்க்கார நீர் பூசி, மறுவாயால் ஊதிப் பார்த்தல். குமிழி எழும் இடமே ஓட்டை. ஐந்தாவது, இணைப்புகளை நோக்குதல். கரிய எண்ணெய் வடிந்திருந்தால் வாயு அங்கே கசிகின்றது.

இவற்றின் முடிவு மூன்றில் ஒன்றாகும். நார் மாத்திரம் கெட்டிருந்தால் மாற்றிப் பொதியலாம். ஓரிரு இடத்தில் ஓட்டையானால் ஒட்டுப்போடலாம். அழுத்துமிடமெல்லாம் இறங்கினாலோ, பிரிக்க முடியாத பெட்டியினுள்ளே தடுப்புகள் முறிந்திருந்தாலோ, புதியதை வாங்குவதே சிக்கனம். மட்கிய வேட்டிக்கு ஒட்டுப்போட்டால் ஒட்டு நிற்கும், வேட்டி நில்லாது.

நாரை மாற்றுதல்

பின்மூடியைப் பிடிக்கும் றிவெற்றுக்களின் தலையைத் துளையிடும் கருவியாற் குடைந்து நீக்க வேண்டும். துளையின் அளவிலும் பெரிய அலகைப் பயன்படுத்தினால் புதிய றிவெற் நில்லாது. மூடியை மரச்சுத்தியலால் சுற்றிச்சுற்றித் தட்ட, உள்ளிருக்கும் துளைக்குழாயோடு அது மெல்ல வெளிவரும். பழைய நாரைக் கையுறையும் மூக்குமறைப்பும் அணிந்தே எடுத்து, பைக்குள் இட்டுக் கட்டிவிட வேண்டும். கண்ணாடி இழை தோலிற் குத்தும். மூச்சோடு நெஞ்சுக்குட் போதல் ஆகாது. மிகப் பழைய வண்டியாயின் உள்ளிருப்பது கல்நாராகவும் இருக்கலாம். ஐயமிருந்தால் உலர்ந்தபடி கிளறவே கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்குப் பகை, அறிந்தவரிடம் விடுக.

துளைக்குழாயின் கண்கள் கரியால் அடைபட்டிருக்கும். இரும்புக் குழாயானால் வெட்டவெளியில் ஊதுவிளக்கால் சுட்டு, கம்பித்தூரிகையால் தேய்த்தால் கரி உதிரும். பழைய பட்டறைக்காரர் எரிசோடாக் கரைசலில் ஊறவைப்பதும் உண்டு. அதில் இரண்டு எச்சரிக்கைகள். எரிசோடாவைத் தண்ணீரிற் சிறிது சிறிதாக இடவேண்டுமேயன்றி, எரிசோடாவின்மேல் தண்ணீரை ஊற்றலாகாது. கொதித்துத் தெறித்து முகத்தைச் சுடும். மற்றொன்று, அலுமினியத்தை அதில் ஒருபோதும் இடலாகாது. உலோகம் கரைவதோடு தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயுவும் எழும். தற்கால வண்டிகளின் சைலன்சர் உறை பெரும்பாலும் அலுமினியமே. இவ்வேலையைச் சிறுவர்கள் தனியே செய்தல் தகாது.

புதிய நார், வெப்பம் தாங்கும்படி சைலன்சருக்கென்றே விற்கப்படுவதாக இருத்தல் வேண்டும். கூரைக்கும் சுவருக்கும் இடும் கண்ணாடிப் பஞ்சு சூட்டில் விரைவிற் கெட்டுவிடும். துளைக்குழாயைச் சுற்றி நாரைப் பாய்போலச் சீராகச் சுற்றி, மெல்லிய துருவேறாக் கம்பியால் ஓரிரு இடத்திற் கட்டி, உறைக்குள் திருகியபடி நுழைக்கலாம். எவ்வளவு பொதிவது என்பதே கைப்பக்குவம். தளர இட்டால் வாயு அதைக் கிழித்து வெளியே ஊதிவிடும். இறுக அடைத்தால் இழைகளுக்கிடையே வெளியின்றி ஒலி உள்ளே புகாது. விரலால் அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழ வேண்டும். தலையணைக்குப் பஞ்சு அடைக்கும் தாய்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்பு மூடியின் விளிம்பில் வெப்பம் தாங்கும் பசையை மெல்லப் பூசி, றிவெற் அடித்து, பசை காயும்வரை விட்டுவைக்க வேண்டும்.

ஒட்டுப்போடுதல்

ஓட்டையின் மேலே தகட்டை வைத்து ஒட்டுவது பயனற்றது. சுற்றிலும் உளுத்த பகுதியை நல்ல தகடு காணும்வரை வெட்டி நீக்குக. வெடிப்பானால் அதன் இருமுனைகளிலும் சிறு துளையிடுக. வெடிப்பு மேலும் ஓடாது நிற்கும். ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புத் தகட்டைக் குழாயின் வளைவுக்கேற்பத் தட்டிப் பொருத்தி, முதலில் இங்குமங்கும் புள்ளியாக ஒட்டி, பின்பு சிறிது சிறிதாக முழுவதும் உருக்கி ஒட்ட வேண்டும். ஒரே மூச்சில் ஒட்டினால் மெல்லிய தகடு நெளியும், அல்லது உருகி ஓட்டை பெருகும்.

ஒட்டுமுன் உட்புறத்துக் களியைச் சுட்டு நீக்காவிடில் ஒட்டு நுரைத்துத் துளைபடும். புகையும் நெருப்பும் எழும். இருபுறமும் அடைத்த பெட்டியை ஒட்டலாகாது. உள்ளே அகப்பட்ட வாயு வெடிக்கக்கூடும். நாகம் பூசிய தகட்டை ஒட்டுக்குக் கொள்ளற்க. அதன் புகை காய்ச்சலைத் தரும். குழாயை வண்டியிற் பூட்டியபடி ஒட்டுவது பெற்றோல் தாங்கியின் அருகே விளக்கேற்றுவதை ஒக்கும், கழற்றியே ஒட்டுக.

வழியில் ஓட்டை விழுந்தால் வீடுவரை வருவதற்கு ஒரு தந்திரம் உண்டு. உணவுப் பேணியொன்றை வெட்டி விரித்து, வெப்பப் பசை பூசி ஓட்டையின்மேல் சுற்றி, கம்பியாலோ இறுக்குவளையத்தாலோ கட்டலாம். அது வீட்டுக்கு வருவதற்கே. அடுத்த ஞாயிறு போட்டிக்கு அன்று.

புதியது வாங்குதல்

எம் வண்டிக்கு நடுப்பெட்டி ஒட்டில் நின்றது. பின் சைலன்சர் மாற்றவேண்டியதாயிற்று. முதலில் விலைமலிவான ஒன்றை ஒரு கடையில் வாங்கினோம். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று அதில் எழுதியிருந்தது. எம் வண்டிக்கு மாத்திரம் பொருந்தவில்லை. இழுத்து வளைத்துப் பூட்டினோம். இரண்டாம் வாரத்தில் தாங்கியின் அடியில் வெடித்தது. மலிவு இருமுறை விலை கேட்டது.

ஆகவே வாங்குமுன் அளக்க வேண்டியவை: குழாயின் உள்விட்டமும் வெளிவிட்டமும், மொத்த நீளம், தாங்கிகளின் இடம், பின்சக்கரம் முழுதும் மேலெழும்போது அதற்கும் சைலன்சருக்கும் இடையே மிஞ்சும் வெளி. பழைய வண்டிகளுக்கு, தொழிற்சாலை மூடிப் பல்லாண்டானாலும், சிறு பட்டறைகள் மூலத்தை ஒத்த குழாய்களைச் செய்து விற்கின்றன. சாதாரண இரும்பு மலிவு, ஒட்டுவதற்கும் எளிது, ஆனாற் கறள் பிடிக்கும். துருவேறா எஃகு நீடிக்கும், விலை அதிகம். அலுமினியம் இலேசு, பாறையில் மோதினால் நசுங்கும். தற்கால ட்ரயல்ஸ் வண்டி முழுவதுமே 70 கிலோ அளவில் இருப்பதால் அங்கே ஒவ்வொரு கிராமும் கணக்கிற்படும். பழைய வண்டிக்கு அத்துணைக் கவலை வேண்டாம்.

பூட்டும்போது உருளைப்பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்க. எல்லா ஆணிகளையும் முதலிற் கையால் மாத்திரம் முடுக்கி, குழாய்கள் தாமே தம் இடத்தில் அமர்ந்த பின்பே ஸ்பனரால் இறுக்குக. வலிந்து பூட்டிய குழாய் அதிர்விலே வெடிக்கும். தாங்கியின் இறப்பர் உளுத்திருந்தால் அதையும் மாற்றுக. எஞ்சினைத் திறந்தவெளியில் இயக்கிப் பார்க்க வேண்டும். மூடிய அறையில் காபனோரொட்சைட்டு என்னும் வாயு மணமுமின்றி நிறமுமின்றி உயிரை வாங்கும். முதற் சூடு ஆறியபின் ஆணிகளை மீண்டும் ஒருமுறை இறுக்குக. வண்டியைப் பல நாள் நிறுத்திவைக்குமுன் குழாய் நன்றாகச் சூடேறும்படி ஓட்டி உள்ளீரத்தைப் போக்கினால், இத்தனை வேலையும் சில ஆண்டுகள் பின்போகும்.

மீண்டும் அந்தப் பண்ணைக்கு

வேலை முடிந்ததும் ஒருநாள் பண்ணைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கச் சென்றோம். வண்டியை வாகனத்தில் ஏற்றிச் சென்றோமேயன்றி ஓட்டிச் செல்லவில்லை. அவர் மனைவி கதவைத் திறந்தார். அடுப்பங்கரையில், கணப்பின் அருகே, பெட்டியொன்றில் தாயிழந்த ஆட்டுக்குட்டி ஒன்றுக்குப் போத்தலிற் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். எம் நெஞ்சு திடுக்கிட்டது. அதை அவர் கண்டுகொண்டார் போலும், "இது உங்களால் அன்று, அன்றைக்கு எதுவும் சாகவில்லை. ஆனால் அன்றிரவு நாங்கள் இருவரும் உறங்கவில்லை" என்றார். எத்தனை டெசிபெல் என்று எந்தக் கருவியும் அளந்து சொல்லாத ஒன்றை அந்த அம்மையார் ஒரு வசனத்தில் அளந்து சொல்லிவிட்டார்.

பண்ணைக்காரர் வண்டியைப் படலையடியில் இயக்கச் சொன்னார். தாம் இரு வயல் கடந்து, ஆடுகள் அன்று நெருங்கி நின்ற சுவர் மூலைக்கு நடந்து போய் நின்றார். சற்று நேரம் நின்று, திரும்பி வந்து சொன்னார்: "இவ்வாண்டு இல்லை. குட்டிகள் வளர்ந்தபின் செயலாளரை வந்து கேட்கச் சொல்லுங்கள்."

அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் அந்த நிலம் கழகத்துக்கு மீண்டும் கிடைத்தது. ஒரு நிபந்தனை இருந்தது: ஒவ்வொரு வண்டியும் படலையடியில் இயக்கப்பட வேண்டும், அவர் சுவரோரம் நின்று கேட்பார். முதலில் இயக்கப்பட்டது எம்முடையது. அது உள்ளே சென்றது. பின்வந்தவற்றில் இரண்டு திருப்பி அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்றின் சொந்தக்காரர், "இது எஞ்சினின் பலம்" என்றார். நாம் அவரை அழைத்துப் போய் எம் பழைய மூடியின் கதையைச் சொன்னோம்.

2017-இல் மின்சார ட்ரயல்ஸ் வண்டிகளுக்கென்றே சர்வதேசப் போட்டியொன்றும் தொடங்கியது. அவற்றுக்குக் குழாயும் இல்லை, நாரும் இல்லை. ஆயினும் பெற்றோல் வண்டிகள் இன்னும் பல்லாயிரம் ஓடுகின்றன. அவற்றை ஓட்டும் இளைஞர்களும் உள்ளனர். தம் வீட்டுப் படலையில் வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு மகனிடமும் தாய்மார் ஒன்று கேட்கலாம்: "உன் வண்டியின் ஓசையை நீ எப்போதாவது இரண்டு வளவுக்கு அப்பால் நின்று கேட்டிருக்கிறாயா?" வண்டியை நண்பனிடம் இயக்கக் கொடுத்துவிட்டு அவன் ஒருமுறை நடந்துபோய் நின்று கேட்கட்டும். எந்தப் பட்டறைக்காரரும் சொல்லாததை அந்த நடை அவனுக்குச் சொல்லும்.